அப்பாவை ‘சில்வர் ஃபாக்ஸ்’ என்றால் கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா?

தண்டையார்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். திருக்கடையூரில் நடந்த அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படத்தை அலுவலகக் குழுவில் போட்டீர்கள். உங்களோடு வேலை செய்யும் அமெரிக்கப் பெண்மணி ஒருவர், உங்கள் அப்பா ஒரு ‘சில்வர் ஃபாக்ஸ்’ என்று அதன் கீழே எழுதினார். அதைப் பார்த்த தம்பி, ‘நம்ம நைனாவ நரின்னு சொல்லிக்கீறாங்க, நீ இன்னாடான்னா தேங்க்ஸ் போட்டுக்கினு கீறே’ என்று சண்டைக்கு வந்துவிட்டார். அம்மாவோ, ‘அவரு நரின்னா எனக்கு இன்னா பேராம்?’ என்று கேட்டிருக்கிறார். நீங்கள் எழுதிக் கேட்டிருப்பது அந்தச் சொல்லின் பொருளை. அதற்கு ஓர் அகராதி போதும். உங்களை உறுத்துவது வேறு என்று எனக்குப் படுகிறது. பாராட்டுகிற மாதிரிப் பாராட்டி உள்ளே ஏதாவது குத்தல் வைத்திருக்கிறார்களா? இல்லையென்றால், போயும் போயும் நரியை ஏன் பிடித்தார்கள்? இதை அப்பாவின் காதில் எந்த வார்த்தையால் போடுவது? இவைதான் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

தம்பியின் கோபத்தை முதலில் தணித்துவிடுகிறேன். அது பாராட்டுதான், உள்ளே குத்தல் எதுவும் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் 28 வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் பத்து வருடம் பள்ளிக்கூடத்தில். அதன் பிறகு, எம்.சி. ரோடு துணிக்கடைகளில் வேலை முடித்து வருகிற பிள்ளைகளுக்கும் கால் சென்டருக்குப் போகத் தயாராகிற பிள்ளைகளுக்கும் மாலை வகுப்பு. இலக்கணம் தப்பாகிவிட்டதே என்று என்னிடம் அழுதவர்கள் மிகக் குறைவு. வெள்ளைக்காரர் சொன்ன ஒரு வார்த்தையைத் தமிழ்க் காதால் கேட்டு, ராத்திரி முழுக்கத் தூங்காமல் மறுநாள் வந்து நின்றவர்கள் நிறையப் பேர். ஆகவே உங்கள் தம்பியின் கோபம் எனக்கு அற்பமாகத் தெரியவில்லை. அப்பாவை நரி என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் பொறுக்கும்?

அந்தச் சொல் இன்று என்ன பொருளில் வழங்குகிறது என்பதில் சந்தேகமே இல்லை. நடுவயதைத் தொட்டவர் அல்லது தாண்டியவர், தலை பெரும்பாலும் நரைத்தவர், பார்க்க ஈர்ப்பானவர். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க வேண்டும். கருகருவென்று சாயம் பூசிய அறுபது வயதுக்காரர் எவ்வளவு லட்சணமாக இருந்தாலும் அவருக்கு இந்தப் பெயர் கிடைக்காது. தலை வெளுத்துவிட்டது என்பதற்காக மட்டும் யாரையும் இப்படிச் சொல்லவும் மாட்டார்கள். நடிகர் ஜார்ஜ் குளூனியையும் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஆண்டர்சன் கூப்பரையும் அமெரிக்கப் பத்திரிகைகள் சலிக்காமல் இப்படி அழைக்கின்றன. கூப்பருக்கு இளவயதிலேயே நரைத்துவிட்டது. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ‘கம்பீரமானவர்’, ‘மரியாதைக்குரியவர்’ என்பவற்றைப் போல முழுக்க ஒதுங்கி நின்று சொல்கிற சொல் இல்லை இது. இந்த மனிதர் இன்னும் கண்ணைக் கவர்கிறார் என்ற அர்த்தம் அதில் இருக்கிறது. ஆனாலும் குடும்பப் படத்தின் கீழே எல்லாரும் பார்க்க எழுதும்போது அது லேசான, சந்தோஷமான சொல். ‘உங்க அப்பா சூப்பரா இருக்காரே’ என்று நம்மூரில் பக்கத்து வீட்டு அக்கா சொல்வதற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை.

இனி நரிக்கு வருகிறேன். நான் விலங்கியல் படித்தவள் அல்ல. என்னோடு வேலை பார்த்த விலங்கியல் ஆசிரியை ஒருவரிடம் கேட்டுத் தெளிந்துகொண்ட பிறகே இதை எழுதுகிறேன். சில்வர் ஃபாக்ஸ் என்று ஒரு விலங்கு உண்மையிலேயே இருக்கிறது. அது தனி இனம் அல்ல. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆசியாவின் பல பகுதிகளிலும் வாழ்கிற செந்நரியின் ஒரு நிறவகைதான் அது. சிவந்த பெற்றோருக்கே, சிவந்த குட்டிகளோடு சேர்ந்து, கறுத்த குட்டியும் பிறக்கலாம். உடம்பு முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்பு ரோமங்களில் பலவற்றின் நுனிப்பக்கம் மட்டும் வெள்ளை. தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்புப் பட்டின் மேல் வெள்ளிச் சரிகை ஓடுகிற மாதிரி இருக்கும். கவனியுங்கள், இதற்கும் முதுமைக்கும் சம்பந்தமே இல்லை. திடகாத்திரமான இளம் நரியும் வெள்ளியாகத்தான் இருக்கும். நம் தலையில் நடப்பது வேறு. மயிர்க்காலில் நிறமியை உண்டாக்கும் செல்கள் குறையக் குறைய, முளைக்கும் முடி நிறமில்லாமலே முளைக்கிறது. சாம்பல் நிறம் என்று ஒரு சாயம் நம் தலைக்குள் எங்கும் கிடையாது. கறுப்பு முடியும் வெள்ளை முடியும் கலந்து நிற்பதால் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஆக, நரியின் வெள்ளிக்கும் மனிதரின் நரைக்கும் காரணம் வேறு. கறுப்பும் வெள்ளையும் கலந்து மின்னுகிற காட்சி மட்டும் ஒன்று. அந்த ஒற்றுமையைத்தான் ஆங்கிலம் பிடித்துக்கொண்டது.

அந்த நரித்தோலுக்கு இருந்த மதிப்பையும் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் பாராட்டின் கனம் புரியாது. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் சார்லஸ் டால்டன், ராபர்ட் ஓல்டன் என்ற இருவர் 1890-களில் இந்த நரியைப் பண்ணையில் வளர்க்கும் வித்தையைப் பழகிக்கொண்டார்கள். 1910 வாக்கில் லண்டன் ஏலத்தில் நல்ல தோல் ஒன்று ஆயிரம் டாலரையும் தாண்டி விலை போனது. அந்தக் காலத்து ஆயிரம் டாலர்! பிறகு பல பத்தாண்டுகள் ஐரோப்பிய, அமெரிக்கச் சீமாட்டிகள் இந்தத் தோலைத் தோளில் போட்டுக்கொண்டு போவதே செல்வத்தின் அடையாளமாக இருந்தது. நம்மூரில் ‘பட்டு மாதிரி’, ‘தங்கம் மாதிரி’ என்று சொன்னால் காதில் என்ன விழுமோ, அதுதான் அந்தத் தலைமுறை ஆங்கிலக் காதில் இந்தப் பெயரைக் கேட்டபோது விழுந்திருக்கும். விலங்குகளுக்கு அந்த வியாபாரம் செய்த கொடுமை தனிக் கதை. இதே வகை நரியை வைத்துத்தான் 1959-இல் சோவியத் விஞ்ஞானி திமித்ரி பெல்யாயெவ் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் ஒரு சோதனையைத் தொடங்கினார். மனிதரிடம் அஞ்சாத குட்டிகளையே தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினார். சில தலைமுறைகளிலேயே நாயைப் போல வாலாட்டுகிற நரிகள் பிறந்தன. லுட்மிலா த்ரூத் அந்த வேலையைத் தன் வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தார். உங்கள் கேள்விக்கு இது நேரடியாகத் தேவையில்லை. ஆனால் உங்கள் தம்பி இந்த விலங்கைத் தந்திரக்காரப் பிராணி என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது.

விலங்கின் பெயர் ஆளுக்கு எப்படி வந்தது என்பதில்தான் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உறுதியானது இது. ‘ஃபாக்ஸி’ என்ற சொல் ஆங்கிலத்தில் நெடுங்காலம் தந்திரத்தையும் செம்பட்டை நிறத்தையும் மட்டுமே குறித்தது. அமெரிக்கக் கொச்சைப் பேச்சில் அதற்கு ‘கவர்ச்சியான’ என்ற பொருளும் சேர்ந்தது; 1960-களிலும் 70-களிலும் ஊரெல்லாம் பரவியது. அழகான பெண்ணை ‘ஃபாக்ஸ்’ என்றே சொன்னார்கள். நரைத்த தலைக்காகப் பிரபலமானவர்களை ‘சில்வர் ஃபாக்ஸ்’ என்று பட்டப்பெயரிட்டு அழைத்ததும் அமெரிக்காவில் நன்றாகப் பதிவான செய்திதான். 1974-இல் அமெரிக்க நாட்டுப்புறப் பாடல் துறையின் ‘ஆண்டின் சிறந்த கலைஞர்’ விருதை வாங்கிய பாடகர் சார்லி ரிச் அப்படி ஒருவர். நாற்பது வயதுக்குள் தலை வெளுத்தவர். அந்த வெள்ளைத் தலைதான் மேடையில் அவருக்கு அடையாளமே. பேஸ்பால் ஆட்டக்காரர் டியூக் ஸ்னைடருக்கும் இதே பட்டப்பெயர் உண்டு. விலைமதிப்பான தோல், கவர்ச்சி என்ற புதுப்பொருள், நரையின் நிறம் ஆகிய மூன்றும் கலந்துதான் இன்றைய பொருள் உருவாயிற்று என்பது என் ஊகம். எதன் பங்கு எவ்வளவு என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. சொற்கள் அப்படிக் கணக்கு வைத்துப் பிறப்பதில்லை.

தந்திரம் என்ற பழைய பொருள் இதில் செத்துப்போய்விட்டதா என்றால், இல்லை. டேவிட் பியர்சன் என்றொரு கார்ப் பந்தய வீரர். அமெரிக்காவின் நாஸ்கார் கார்ப் பந்தயங்களில் 105 வெற்றி பெற்றவர். 200 வெற்றி பெற்ற ரிச்சர்ட் பெட்டிக்கு அடுத்தபடி இவர்தான். இவரையும் சில்வர் ஃபாக்ஸ் என்றார்கள். சீக்கிரம் நரைத்த தலை ஒரு காரணம். பந்தயம் முழுக்க வண்டியின் பலத்தைப் பிடித்து வைத்திருந்து கடைசிச் சுற்றுகளில் அவிழ்த்துவிடும் சாமர்த்தியம் இன்னொரு காரணம். விளையாட்டுப் பயிற்சியாளரையோ அரசியல்வாதியையோ இப்படிச் சொன்னால், ‘பழம் தின்று கொட்டை போட்டவர்’ என்ற வாசனையும் கூடவே வரும். அதுகூட வசவு அல்ல, வியப்புதான். உங்கள் அப்பாவின் கல்யாணப் படத்தைப் பார்த்து எழுதியதில் அந்த வாசனைக்கு இடமே இல்லை.

சரி, தமிழில் ஏன் அது இவ்வளவு உறுத்துகிறது? ஒரு காரணம், நாம் நரி என்றும் ஆங்கிலம் ஃபாக்ஸ் என்றும் சொல்வது பல நேரம் ஒரே விலங்கே அல்ல. ராத்திரியில் ஊளையிடுவது, பிணத்தைத் தேடி வருவது, சிவபெருமான் மாணிக்கவாசகருக்காகக் குதிரையாக்கி மறுபடியும் பழையபடி ஆக்கிவிட்டது எல்லாமே ஆங்கிலத்தில் ‘ஜக்கால்’ எனப்படும் விலங்கு. உண்மையான ஃபாக்ஸ் நம் தமிழ்நாட்டில் ஒன்றுதான். சின்ன உடம்பும் பெரிய காதும் புசுபுசு வாலுமாக வறண்ட காட்டில் திரிகிற குள்ளநரி. சேலம் பக்கம் வங்காநரி என்பார்கள். சில்வர் ஃபாக்ஸுக்குச் சொந்தமான செந்நரி இந்தியாவில் இமயமலைப் பக்கமும் வடமேற்குப் பாலைவனப் பக்கமும்தான் இருக்கிறது. பாடப்புத்தகக் கதைகள் வழியாக எல்லாம் ஒரே நரியாகிவிட்டன. நரித்தனம், நரிப்புத்தி, கிழநரி என்று எதை எடுத்தாலும் வஞ்சகம்தான்.

ஆனால் தமிழ் நரியை முழுக்க வெறுத்துவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. நல்லது நடந்தால் ‘இன்னைக்கு நரி முகத்துல முழிச்சியா?’ என்று நீங்களே கேட்டிருப்பீர்கள். வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் பொங்கல் சமயத்தில் வங்காநரியைப் பிடித்து வந்து, ஊர்வலம் விட்டு, அதன் முகத்தைப் பார்ப்பது நல்ல சகுனம் என்று ஒரு வழக்கம் இருந்தது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்று வனத்துறை தடுக்கிறது, அபராதமும் போடுகிறது. தடுப்பது சரிதான். நான் சொல்ல வருவது, தமிழ் மனசில் நரிக்கு இன்னொரு முகமும் உண்டு என்பதை. உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவருக்கே ஞாபகம் வரும்.

எனக்கு நரியைவிடப் பெரிய சிக்கலாகத் தெரிவது நரை. தமிழில் ஓர் ஆணைப் புகழ விலங்குக்குப் பஞ்சமே இல்லை. சிங்கம், புலி, களிறு, காளை எல்லாம் உண்டு. ஆனால் அவை வலிமைக்கும் வீரத்துக்கும் இளமைக்கும். நரைத்த அழகுக்கு என்று ஒரு விலங்கை நாம் வைத்துக்கொள்ளவில்லை. நரைக்கு நாம் கொடுத்த இடம் வேறு. கரிகாலன் கதையைப் பாருங்கள். வழக்குக் கொண்டுவந்த முதியவர்கள், இந்தச் சின்னப் பையனா நியாயம் சொல்லப் போகிறான் என்று தயங்கினார்கள். அவன் நரைமுடியைத் தலையில் சூடி முதியவனாக வந்து தீர்ப்புச் சொன்னான். அங்கே நரை என்றால் நம்பிக்கை. கம்பனின் தசரதனுக்குக் காதோரம் ஒரே ஒரு முடி வெளுக்கிறது. ‘மகனிடம் நாட்டைக் கொடுத்துவிட்டுத் தவத்துக்குப் போ’ என்று அது காதில் வந்து சொல்கிறதாம். அங்கே நரை என்றால் விடைபெறும் நேரம். பிசிராந்தையாரிடம் ‘இத்தனை வயதாகியும் நரைக்கவில்லையே, எப்படி?’ என்று கேட்கிறார்கள். நல்ல மனைவி, நல்ல மக்கள், சொல் கேட்கும் ஏவலர், தீமை செய்யாத அரசன், ஊரில் சான்றோர் என்று அவர் பட்டியல் சொல்கிறார். எனக்கு மிகவும் பிடித்த பாட்டு அது. ஆனாலும் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது: நிம்மதியாக வாழ்ந்தவனுக்கு நரைக்காது, நரைத்தால் ஏதோ கவலை. நரை, திரை, மூப்பு என்று ஒரே மூச்சில் அடுக்கித்தான் நமக்குப் பழக்கம். அந்த வரிசையில் அழகு எங்கே உட்காரும்?

இதனால்தான் நம் பாராட்டுகளில் ஒரு ‘உம்’ ஒட்டிக்கொண்டே வருகிறது. ‘வயசானாலும் அழகா இருக்காரு.’ ‘நரைச்சாலும் முகத்துல களை போகல.’ இந்த ‘ஆலும்’ என்ன செய்கிறது? வயதையும் நரையையும் முதலில் குறையாகக் கணக்கெழுதிவிட்டு, அதையும் மீறி அழகு மிஞ்சியிருக்கிறது என்கிறது. சில்வர் ஃபாக்ஸ் அப்படிச் சொல்லவில்லை. வெள்ளிதான் அங்கே அழகுக்குக் காரணமே. நரை இல்லாவிட்டால் அந்தப் பாராட்டே இல்லை. இருபது வயதில் அவர் எவ்வளவு அழகாக இருந்தார் என்பதை அது கேட்பதில்லை. இன்றைக்கு, இந்தத் தலையோடு, அவர் அழகு என்கிறது. உங்கள் கேள்விக்கு நான் இவ்வளவு நீளமாக உட்கார்ந்து எழுதக் காரணமே இந்த ஒரு ‘உம்’தான். மாலை வகுப்பில் இதை விளக்கும்போது பலகையில் இரண்டே வரி எழுதுவேன். ‘நரைத்தும் அழகு’ என்று ஒன்று. ‘நரைத்து அழகு’ என்று இன்னொன்று. பிள்ளைகள் இரண்டையும் வாய்விட்டுப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள்.

இதற்குத் தமிழில் நேர்ச்சொல் உண்டா என்றால், அச்சில் நிலைத்த சொல் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. ‘வெள்ளி நரி’ என்று பெயர்க்கவே பெயர்க்காதீர்கள், உங்கள் தம்பி சொன்னதுதான் நடக்கும். ‘சால்ட் அண்ட் பெப்பர்’ இப்போது தமிழாகவே ஆகிவிட்டது. 2011-இல் மங்காத்தாவில் அஜித் நரைத்த தலையை மறைக்காமல் நடித்த பிறகு, நம் பக்கம் சலூனில்கூட அந்தச் சொல் புழங்க ஆரம்பித்தது. ஆனால் அது முடியின் பெயர், ஆளின் பெயர் இல்லை. அது பாராட்டும் இல்லை, வர்ணனை மட்டும். ஆளைச் சொல்ல நம் வடசென்னைப் பேச்சே போதும் என்பது என் கட்சி. ‘சோக்கு’ என்கிறோமே, அது உருதுவின் ‘ஷௌக்’ வழியாக வந்தது. அங்கே ஆசை, விருப்பம் என்று பொருள். இங்கே வந்து, கண்ணுக்கு நிறைவாக, பாங்காக இருப்பதைக் குறிக்கிறது. ‘கெத்து’ என்றால் அதில் நிமிர்வும் சேர்ந்துகொள்ளும். காசிமேட்டில் விடியற்காலை ஏலம் கூவுகிற நரைத்த தலைப் பெரியவரைப் பாருங்கள். ராயபுரம் பக்கம் பாக்ஸிங் கற்றுக்கொடுக்கிற வாத்தியாரைப் பாருங்கள். தலை பஞ்சாக வெளுத்திருக்கும். சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கும். அவர் நடந்து வந்தால் பையன்கள் தானாக ஒதுங்கி வழிவிடுவார்கள். ‘பெருசு கெத்தா கீறாரு பாரு’ என்று அவர்கள் சொல்லும்போது அங்கே எந்த ‘ஆலும்’மும் இல்லை. ஆக, அந்த உணர்வு நம்மிடம் இல்லாமல் இல்லை. அதற்கென்று தனியாக ஒரு பெயர்தான் வைக்கவில்லை.

இப்போது அம்மாவின் கேள்வி. அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் கேட்டிருப்பார், ஆனாலும் எனக்கு அதுதான் மிக முக்கியமான கேள்வி. சொல்லின் இலக்கணப்படி அது பெண்ணுக்கும் பொருந்தும். அமெரிக்க அதிபராக இருந்த மூத்த ஜார்ஜ் புஷ்ஷும் அவர்களுடைய பிள்ளைகளும் பார்பரா புஷ்ஷை ‘சில்வர் ஃபாக்ஸ்’ என்றுதான் செல்லமாக அழைத்தார்கள். அவருடைய மகள் ராபின் 1953-இல், நான்கு வயதுகூட நிறையாமல், ரத்தப் புற்றுநோயால் இறந்துபோனாள். அந்தக் காலத்தில்தான், முப்பது வயதுக்கு முன்பே, அந்தத் தாயின் தலை வெளுக்கத் தொடங்கியது. பிறகு அந்த வெள்ளைத் தலையோடும் முத்து மாலையோடும்தான் உலகம் அவரை ஞாபகம் வைத்திருக்கிறது. ஆனால் நடைமுறையில் பத்துக்கு எட்டு முறை இந்தச் சொல்லை ஆணுக்கே சொல்லக் கேட்டிருக்கிறேன். எட்டு என்பது என் காதுக் கணக்கு, ஆராய்ச்சி முடிவு அல்ல. ஆணின் நரையைக் கம்பீரம் என்றும் பெண்ணின் நரையைக் கவனக்குறைவு என்றும் பார்ப்பதில் அவர்கள் ஊரும் நம் ஊரும் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். 53 வயதில் தலைச்சாயத்தால் எனக்கு நெற்றியும் கண்ணிமையும் வீங்கிவிட்டன. சாயத்தில் இருக்கும் பாரா-ஃபீனைலின்டையமின் என்ற பொருள் ஒத்துக்கொள்ளவில்லை, இனிமேல் தொடவே கூடாது என்று தோல் மருத்துவர் சொல்லிவிட்டார். கறுப்புச் சாயம் பலவற்றிலும் அது உண்டு. பூசுவதற்கு முன் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள் என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள், நாம்தான் படிப்பதில்லை. அன்று விட்டதுதான். மூன்று மாதம் கழித்து வகுப்புக்குப் போனால், பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ‘மிஸ், உடம்பு சரியில்லையா?’ என்றார்கள். உடன் வேலை பார்த்த ஒருவர், பெற்றோர் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். அவருடைய தலையும் நரைத்திருந்தது. அவரை யாரும் உடம்பு சரியில்லையா என்று கேட்கவில்லை. அந்த வலி இன்னும் எனக்கு இருக்கிறது. காசிமேட்டில் மீன் கூடையோடு உட்கார்ந்திருக்கும் ஆயாக்கள்தான் அப்போது எனக்குத் தெம்பு கொடுத்தார்கள். வெள்ளை முடியை இழுத்து வாரி, கொண்டை போட்டு, அதில் கனகாம்பரத்தைச் செருகிக்கொண்டு, வெற்றிலை போட்ட வாயோடு பேரம் பேசுகிற அந்த முகங்களைவிட அழகான முகத்தை நான் பார்த்ததில்லை. ஆகவே அம்மாவின் தலையும் நரைத்திருந்தால், அதே பெயர் அவருக்கும் உண்டு என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

உங்கள் அலுவலக வேலைக்காக ஒன்றிரண்டு எச்சரிக்கை. இந்தச் சொல் உங்களுக்குப் பிடித்துப்போய், நாளைக்கே நரைத்த மேலதிகாரி ஒருவரிடம் நேரடியாகச் சொல்லிவிடாதீர்கள். ஆளின் ஈர்ப்பைப் பற்றிய பேச்சு என்பதால், வேலையிடத்தில் அது வரம்பு மீறலாக எடுத்துக்கொள்ளப்படலாம். நண்பர்களுக்குள், குடும்பத்துக்குள் சரி. அதேபோல நரைக்கும் வயதுக்கும் இருக்கிற மற்ற ஆங்கில விலங்குகளையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘ஓல்ட் கோட்’ என்றால் வயதான பிறகும் பெண்களிடம் வழிகிறவர் என்ற திட்டு. ‘ஸ்லை ஓல்ட் ஃபாக்ஸ்’ என்பதில் வெள்ளி இல்லை, தந்திரம் மட்டும்தான். உங்கள் தம்பி பயந்த நரி அதுதான். ‘கூகர்’ என்பது தன்னைவிட மிக இளையவர்களை நாடும் பெண்ணைக் குறிக்கும். சிரித்துக்கொண்டே சொன்னாலும் புண்படுத்தும். ‘லாங் இன் த டூத்’ என்பது வயதாகிவிட்டது என்பதற்கான கிண்டல். குதிரைக்கு வயதாக ஆக ஈறு விலகிப் பல் நீளமாகத் தெரியும், அதிலிருந்து வந்தது. முதுகு வெளுத்த ஆண் கொரில்லாவின் பெயரான ‘சில்வர்பேக்’ வேறு இருக்கிறது. மனிதரை, அதிலும் கறுத்த நிறத்தவரை, குரங்கினத்தோடு ஒப்பிட்ட அவமானத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அந்தச் சொல்லைத் தொடவே வேண்டாம்.

அந்தப் பெண்மணிக்கு நீங்கள் தேங்க்ஸ் போட்டது சரியான பதில்தான். அதற்கு மேல் எதுவும் எழுதத் தேவையில்லை. அப்பாவிடம் சொல்லும்போது நரியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். அர்த்தத்தை முதலில் சொல்லுங்கள், விலங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ‘நைனா, உன் வெள்ளை முடி உனக்குச் சோக்கா கீதுன்னு அமெரிக்காவுல ஒருத்தங்க சொல்லிக்கீறாங்க.’ இவ்வளவு போதும். ‘நரைச்சாலும்’ என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. என்ன வார்த்தை சொன்னார்கள் என்று அவரே கேட்டால், போனில் அந்த நரியின் படத்தைத் தேடி எடுத்துக் காட்டுங்கள். பனியின் மேல் கறுப்பாக நிற்கும், முதுகில் வெள்ளி ஓடும். தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.